ஸ்டிக்கரில் 27, திருவொற்றியூரில் 21: எட்டு மாத ஹைபிரிட் அனுபவம்

வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகிறது, 7,400 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஐந்து பேர் உட்காரும் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார். பிளக் எல்லாம் கிடையாது, ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் எந்த வண்டிக்கும் கதை இதேதான், பெயரைச் சொன்னால் ரசிகர்களும் எதிரிகளும் வந்து பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலில் வயிற்றெரிச்சல். ஷோரூமில் விற்ற தம்பி, "சார், டேங்க் ஃபுல் பண்ணா கன்னியாகுமரி போய்ட்டு, திரும்பி வரும்போது திருச்சியும் தாண்டிடலாம்" என்றார். ஸ்டிக்கரில் போட்டிருக்கிற மைலேஜ் லிட்டருக்கு 27 கிலோமீட்டர், அதை வைத்துப் பெருக்கினால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் நான் தினமும் கன்னியாகுமரிக்கா போகிறேன்? திருவொற்றியூரில் ஏறி எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேடு, ராயபுரம் வழியாகப் பாரிமுனை. பத்து கிலோமீட்டர் சொச்சம்தான், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அதுவே ஒரு மணி நேரம். இந்த ரூட்டில் எனக்குக் கிடைப்பது 21. மார்கழியில் ஏசி போடாமல் ஓட்டிய இரண்டு வாரம் மட்டும் 25 வந்தது, மே மாதம் 19க்கு இறங்கிவிட்டது.

அளந்தது டேஷ்போர்டைப் பார்த்து இல்லை, அது ஒன்றரை கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டுகிறது. எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் நிறைந்து பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுவேன். "இன்னும் கொஞ்சம் புடிக்கும் சார்" என்று கேட்ட பையன் இப்போது கேட்பதை விட்டுவிட்டான்.

அப்புறம் அந்த 27 எங்கிருந்து வந்தது? ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பு) மைலேஜ் என்று நாம் சொல்வது ரோட்டில் ஓட்டி எடுத்த எண் இல்லை. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, எந்த விநாடியில் என்ன வேகம் என்று எழுதி வைத்த ஒரு கால அட்டவணைப்படி ஓட்டுவார்கள். மொத்தம் 1,180 விநாடி, பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட என் வீட்டிலிருந்து பாரிமுனை தூரம்தான், இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, கொடுத்து வைத்தவர்கள். அதிகபட்ச வேகம் 90. நகரப் பகுதியில் 0-விலிருந்து 50 போக 26 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள். தண்டையார்பேட்டையில் சிக்னல் விழுந்ததும் 26 விநாடியில் 50 தொட்டுப் பாருங்கள், பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் உங்கள் குடும்பத்தையே விசாரித்துவிடுவார்.

அந்த அட்டவணையின் நகரப் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கிறது. பெட்ரோல் கார் நிற்கும்போதும் குடிக்கும், ஹைபிரிட் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும். மெதுவான வேகம், மென்மையான பிரேக், ஏசி இல்லை. ஹைபிரிட்டுக்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரி. பேட்டரியை முழுசாக ஏற்றிக்கொண்டு போய் ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் சொல்வது மட்டும் தப்பு. சோதனைக்கு முன்னும் பின்னும் பேட்டரியில் இருக்கிற வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

என் வண்டியைக் கவிழ்ப்பது ஏசிதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விரைவுச் சாலையில் இரண்டு பக்கமும் லாரி, கடலிலிருந்து ஒரு சொட்டுக் காற்று இல்லை, பின் சீட்டில் பிள்ளை தூங்குகிறது. ஏசி 23இல். எஞ்சின் அமைதி, பேட்டரிதான் ஏசியை ஓட்டுகிறது, திரையில் ஆறு கட்டம் இருந்தது ஐந்து, நான்கு என்று இறங்கி இரண்டில் நின்றதும் எஞ்சின் லேசாக உறுமிக்கொண்டு எழுந்து, கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. நாற்பது நிமிடத்தில் இப்படி மூன்று முறை. வண்டி நகர்ந்ததோ இருநூறு மீட்டர் இருக்கும். அந்தப் பெட்ரோல் எல்லாம் முழுக்க முழுக்க ஏசிக்குப் போனது, சோதனைக்கூடத்தில் இதற்குக் கணக்கே இல்லை.

சரி, ஏமாந்துவிட்டேனா? அப்படித்தான் நினைத்தேன், என் மச்சான் வண்டியின் கணக்கைப் பார்க்கும் வரை. பெரம்பூரில் இருக்கிறான், இதே மாடலில் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக், அவனுக்கும் பாரிமுனையில்தான் வேலை. "மாமா, ஸ்டிக்கர நம்பி ரெண்டரை லட்சம் சேத்துக் குடுத்தீங்களே" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் சீண்டுவான். அவன் ஸ்டிக்கரில் 20, ஊருக்குள் கிடைப்பது 11.

1,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர்படி அவனுக்கு 50 லிட்டர், எனக்கு 37, மிச்சம் 13 லிட்டர். நிஜத்தில் அவனுக்கு 91, எனக்கு 48, மிச்சம் 43. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அந்த இரண்டரை லட்சம் ஐந்து வருடத்தில் திரும்பி வந்துவிடும். ஸ்டிக்கரை நம்பிக் கணக்குப் போட்டால் பதினாறு வருடம் ஆகும், எவனும் ஹைபிரிட் பக்கமே போகமாட்டான். அதாவது அந்த எண் என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பொய் சொல்கிறது, அவன் வண்டியைப் பற்றி மகா பொய் சொல்கிறது.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை என்று 100-இல் போனால் பிரேக் போடவே வேலை இல்லை, பேட்டரிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? எனக்கு 19, அவனுக்கு 16. ஆயிரம் கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர்தான் மிச்சம். இந்த இரண்டு ரோட்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணை ஒட்டி வைப்பதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது. அமெரிக்காவில் நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். அங்கேயும் முன்னால் கூத்துதான், டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸுக்கு நகரத்தில் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 60 மைல் என்று போட்டிருந்தது. 2008 மாடல்களிலிருந்து ஏசி, அதிவேகம், குளிர் மூன்றையும் சோதனையில் சேர்த்ததும் அதே வண்டிக்கு 48 ஆனது. நம்முடையது ஐரோப்பாவின் பழைய அட்டவணையை 90-க்கு வெட்டிச் சுருக்கியது, அந்த ஐரோப்பாவே 2017இல் அதைக் கைகழுவத் தொடங்கிவிட்டது. ஏசி போட்டு ஒரு எண், போடாமல் ஒரு எண், ஊருக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று போட்டால் ஸ்டிக்கர் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதானே.

மற்றபடி வண்டி நல்ல வண்டி. ஊர்ந்து போகும்போது சத்தமே இல்லை, காசிமேட்டில் மீன் கூடையோடு குறுக்கே வருகிறவர்களுக்குக் கேட்காது, ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி டிக்கியில் பாதியை விழுங்கிவிட்டது, இரண்டு சூட்கேஸுக்கு மேல் வைக்க முடியாது. சஸ்பென்ஷன் கொஞ்சம் முரடு. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக மிதிக்கப் பழகிக்கொண்டால் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது.

கடைசி டேங்க்: 803 கிலோமீட்டர், 37.6 லிட்டர், ஏசி 24. அடுத்த வாரம் நெல்லூரில் ஒரு கல்யாணம், மச்சான் இப்போது என் வண்டியைக் கேட்கிறான். நெல்லூருக்கு உன் வண்டியே போதும்டா என்று சொல்லிவிட்டேன்.