டெஸ்டரா, ஓக் பார்க் வழியா, வவுச்சரா, மவுண்ட் லாரல் வழியா? அமெரிக்க சபர்ப்ல நிறச்சுவரை எது உடைக்குது

நியூ ஜெர்சில நாங்க வீடு தேடிட்டு இருந்தப்போ ஏஜென்ட் அம்மா தன்னோட கார்லயே வச்சு ஊர் சுத்தி காமிச்சாங்க, ரொம்ப அன்பா தான் பேசினாங்க, ஒரு டவுன் வழியா போறப்போ மட்டும் "இங்க ஸ்கூல் உங்களுக்கு சரிப்படாது"ன்னு நிறுத்தாம தாண்டி போயிட்டு, அடுத்த டவுன் வந்ததும் "இங்க உங்க ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, கோயிலும் பக்கம்"னாங்க. எங்களுக்கு அப்போ சந்தோஷமா தான் இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு என் டீம்ல இருக்கற ஒரு கறுப்பின நண்பர் வீடு தேடறேன்னாரு, நான் தான் அதே ஏஜென்ட் நம்பரை குடுத்தேன். அவருக்கு என்னை விட சம்பளம் ஜாஸ்தி. எங்ககிட்ட பேங்க் லெட்டரே கேக்காம மூணு வீடு காமிச்சவங்க, அவர்கிட்ட முதல்ல ப்ரீ அப்ரூவல் லெட்டர் (இவ்வளவு வீட்டுக்கடன் தர்றோம்னு பேங்க் குடுக்கறது) கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க, கொண்டு போனதுக்கு அப்புறமும் எங்க டவுன் வீடு ஒண்ணு கூட காட்டல, நாங்க தாண்டி போன அந்த டவுனுக்கே கூட்டிட்டு போயிருக்காங்க.

"உங்க ஆளுங்க"ன்ற வார்த்தை அன்னிக்கு தான் எனக்கு உறைச்சுது. ஊர்ல வாடகைக்கு வீடு கேட்டு போனா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேப்பாங்களே, அதே கேள்வி தான், இங்க கேக்காமலே பதில் முடிவாயிடுது.

இப்போ எங்க டவுன்ல காலியா கிடக்கற ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தை இடிச்சு அபார்ட்மென்ட் கட்டி அதுல ஒரு பங்கு அஃபோர்டபிள் யூனிட்டா, அதாவது குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு கட்டுப்படியாகற வீடா குடுக்கணும்னு பேச்சு வந்ததுல இருந்து நம்ம தமிழ் வாட்ஸப் குரூப்ல தினமும் சண்டை. ஒருத்தர் "பாகுபாடு பண்ணா கேஸ் போட சட்டம் இருக்கே"ங்கறார், இன்னொருத்தர் "சிகாகோ பக்கத்து ஓக் பார்க் மாதிரி ஊர் மனசு வச்சா தான் நடக்கும், கோர்ட் திணிச்சா வெறுப்பு தான் வரும்"ங்கறார், மூணாவது ஆள் "வாடகைல ஒரு பங்கை அரசே கட்டற வவுச்சர் குடுத்தா போதுமே, எதுக்கு புதுசா கட்டணும்"ங்கறார். எல்லாரும் நல்ல மனுஷங்க, பல வருஷமா பழகினவங்க. அதனால இந்த மூணோட, வீட்டுக்கு இடம் குடுன்னு ஊர்களை கோர்ட்டே கட்டாயப்படுத்தின மவுண்ட் லாரல் வழியையும் சேத்து, நாலையும் பக்கத்து பக்கத்துல வச்சு எனக்கு தோணறத எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. "அவங்கவங்க ஆளுங்க கூட இருக்க தான் யாருக்கும் பிடிக்கும், இது தானா அமைஞ்சது"ன்னு குரூப்ல அடிக்கடி வருது, அது சரியில்ல. 1930கள்ல அமெரிக்க அரசு ஏஜென்சியே நகர வரைபடங்கள்ல கறுப்பின மக்கள் இருந்த பகுதிகளுக்கு சிவப்பு கலர் அடிச்சு, இங்க லோன் குடுக்கறது ஆபத்துன்னு குறிச்சுது. 1934ல வந்த ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷனும் அதே கண்ணோட்டத்தோட தான் வீட்டுக்கடனுக்கு கேரன்டி குடுத்துச்சு, வெள்ளையருக்கு மட்டும்னு எழும்பின புது சபர்ப்களுக்கு (புறநகர்களுக்கு) தாராளமா, மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 1947ல நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட்ல ஆரம்பிச்ச லெவிட்டவுன்ங்கற புது குடியிருப்புல வெள்ளையர் அல்லாதவங்க குடியிருக்க கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி ஷரத்தை கோர்ட் அமல்படுத்தாதுன்னு 1948ல ஷெல்லி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியும், வீட்டு விஷயத்துல பாகுபாடு குத்தம்னு ஃபெடரல் சட்டம் வர 1968 ஏப்ரல் ஆச்சு, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழிச்சு. அதுக்குள்ள ஒரு பக்கம் வீடு வாங்கி, விலை ஏறி, அந்த காசுல புள்ளைங்களை படிக்க வச்சு முடிச்சாச்சு, இன்னொரு பக்கம் அந்த சொத்து சேரவே இல்ல.

சரி, சட்டம் இருக்கேன்னு சொல்றவருக்கு. சட்டம் இருக்கு, ஆனா நம்ம நண்பருக்கு நடந்த மாதிரி நடந்தா அதை எப்படி நிரூபிப்பீங்க? அவருக்கு காட்டாத வீடு எங்களுக்கு காட்டினாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல வேலை செஞ்சதால தெரிஞ்சுது, இல்லன்னா அவருக்கு தெரியவே போறதில்ல. அதுக்கு தான் டெஸ்டர் முறை, ஒரே மாதிரி சம்பளம் ஒரே மாதிரி பட்ஜெட்னு சொல்லிக்கிட்டு நிறம் மட்டும் வேற வேறயா ரெண்டு பேர் ஒரே ஏஜென்ட்கிட்ட போவாங்க, ரெண்டு பேருக்கும் என்ன காட்டினாங்கன்னு ஒப்பிடுவாங்க. நிஜமா வீடு வாங்க போகாத டெஸ்டருக்கும் வழக்கு போட உரிமை உண்டுன்னு 1982லயே ஹேவன்ஸ் ரியால்ட்டி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நியூஸ்டே பத்திரிகை மூணு வருஷம் லாங் ஐலண்ட்ல 25 டெஸ்டர்களை வச்சு 93 ஏஜென்ட்களை சோதிச்சு, ரகசிய கேமராவுல பதிவு பண்ணி 2019ல வெளியிட்டாங்க. கறுப்பின டெஸ்டர்கள் 49 சதவீத தடவை வேற மாதிரி நடத்தப்பட்டாங்க, ஹிஸ்பானிக் மக்கள் 39 சதவீதம், ஆசியர்கள் 19 சதவீதம். சட்டம் வந்து 51 வருஷம் கழிச்சு இது. அந்த 19ல நம்ம ஆளுங்களும் அடக்கம்ங்கறதை குரூப்ல யாரும் யோசிக்கறதில்ல.

டெஸ்டிங் இல்லாம வேற எந்த வழியும் உருப்படாது, ஏன்னா பொய்யை பிடிக்க வேற கருவி கிடையாது. ஆனா அது கதவை திறக்கறது வீட்டு விலையை குடுக்க காசு இருக்கறவங்களுக்கு மட்டும் தான். நம்ம நண்பருக்கு உதவும், எங்க ஸ்கூல் பஸ் ஓட்டறவங்களுக்கு உதவாது.

ஓக் பார்க் கதை எனக்கு ரொம்ப பிடிச்ச கதை, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். சிகாகோவை ஒட்டின ஊர், சுமார் 54 ஆயிரம் பேர். 1950ல அங்க வீடு வாங்கினார் பெர்சி ஜூலியன், உலகம் மதிச்ச கறுப்பின வேதியியல் விஞ்ஞானி, குடி போறதுக்கு முன்னாடியே தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு அந்த வீட்டுக்கு தீ வைக்க பாத்தாங்க, அடுத்த வருஷம் டைனமைட் வீசினாங்க. அவர் போகல. அதே ஊர் 1968ல தானாவே ஓப்பன் ஹவுசிங் சட்டம் போட்டுச்சு. ஊருக்கு கிழக்கு எல்லைல ஒரு ரோடு, ஆஸ்டின் பூலவார்ட், அதுக்கு அந்த பக்கம் சிகாகோவோட ஆஸ்டின் பகுதி, அங்க 1960ல கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர், ஏஜென்ட்கள் "கறுப்பர்கள் வர்றாங்க, விலை விழறதுக்குள்ள வித்துடுங்க"ன்னு பயமுறுத்தி சல்லிசா வாங்கி கறுப்பின குடும்பங்களுக்கு ஏத்தி வித்தாங்க, 1980க்குள்ள தெரு தெருவா வெள்ளையர் காலி பண்ணிட்டு போயிட்டாங்க. ரோட்டுக்கு இந்த பக்கம் அது நடக்கல, காரணம் மனசு மட்டும் இல்ல, கடுமையான உழைப்பு. ராபர்ட்டா ரேமண்ட் 1972ல ஹவுசிங் சென்டர் ஆரம்பிச்சாங்க, வாடகைக்கு வீடு தேடி வர்றவங்களை உக்கார வச்சு பேசி, அவங்க தானா யோசிச்சிருக்க மாட்டாத தெருவுல வீடு பாக்க சொல்வாங்க, வெள்ளையருக்கு ஊரோட கிழக்கு பக்கம், கறுப்பின மக்களுக்கு மத்த பக்கங்கள். பயத்தை கிளப்பற "விற்பனைக்கு" போர்டையும் வீட்டு வாசல்ல வைக்காம பாத்துக்கிட்டாங்க. ஊராட்சி தன்னோட புது ஆபீஸையே கிழக்கு பக்கம் கட்டுச்சு, நாங்க இங்கேர்ந்து ஓட மாட்டோம்னு காட்ட. 1978ல ஒரு இன்சூரன்ஸும் கொண்டு வந்தாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு விக்கறப்போ விலை குறைஞ்சிருந்தா நஷ்டத்துல 80 சதவீதம் ஊர் குடுக்கும்னு. ஒரு கிளெய்ம் கூட குடுக்க வேண்டி வரல.

வீட்டு விலை விழும்னு எங்க குரூப்ல பதறறவங்க இந்த ஒரு விஷயத்தை நல்லா பாக்கணும்.

ஆனா ஓக் பார்க் வழிக்கு ரெண்டு குறை. கறுப்பின குடும்பத்தையும் "இந்த தெரு வேணாம், அந்த தெரு பாருங்க"ன்னு வழி நடத்தறது ஏஜென்ட் செஞ்ச வேலையோட இன்னொரு உருவம் தானேன்னு அப்போலேர்ந்தே கேள்வி இருக்கு, நோக்கம் வேறன்னாலும் அந்த கேள்வி நியாயமானது. ரெண்டாவது பெரிய குறை, ஊர் மனசு வச்சா தான் இது நடக்கும். ஓக் பார்க் மனசு வச்சுது. பக்கத்துல இருக்கற சிசரோ 1951ல ஒரே ஒரு கறுப்பின குடும்பம் வாடகைக்கு வந்ததுக்கு ஆயிரக்கணக்குல திரண்டு வந்து அந்த கட்டடத்தையே சூறையாடுச்சு. மனசு வைக்காத ஊருக்கு என்ன பண்றது?

வவுச்சருக்கு வர்றேன். சிகாகோல அரசு குடியிருப்பு எல்லாத்தையும் கறுப்பின பகுதிலயே கட்டினாங்கன்னு டோரதி காட்ரோவும் இன்னும் சில குடியிருப்பாளர்களும் 1966ல வழக்கு போட்டாங்க, 1976ல சுப்ரீம் கோர்ட் தீர்வு சபர்ப் வரைக்கும் போகலாம்னுச்சு, அந்த அம்மா 1968லயே இறந்துட்டாங்க, தீர்ப்பை பாக்கல. 1998 வரைக்கும் சுமார் 7,100 குடும்பங்கள் வாடகை உதவியோட வேற இடங்களுக்கு போனாங்க, பாதிக்கு மேல சபர்புக்கு. 1994ல அஞ்சு நகரங்கள்ல இதே மாதிரி ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி, அதோட பலனை 2015ல பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழு பாத்தப்போ, 13 வயசுக்குள்ள ஏழ்மை குறைஞ்ச பகுதிக்கு மாறின குழந்தைங்க இருபதுகளோட நடுவுல 31 சதவீதம் அதிகமா சம்பாதிச்சாங்கன்னு தெரிஞ்சுது. அதை விட பெரிய ஆதாரம் எனக்கு தெரியல. ஆனா வவுச்சரை கையில வச்சுக்கிட்டு எந்த வீட்டுக்கு போவாங்க? எங்க டவுன்ல வாடகை அபார்ட்மென்ட்டை விரல் விட்டு எண்ணிடலாம், முக்கால்வாசி நிலத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு தான் கட்டலாம்னு ஊரே விதி போட்டு, அதாவது ஜோன் பண்ணி வச்சிருக்கு.

அதனால தான் நான் மவுண்ட் லாரல்கிட்ட வந்து நிக்கறேன். அது நம்ம நியூ ஜெர்சி ஊர் தான். எத்தல் லாரன்ஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ந்த கறுப்பின குடும்பம். கோழிக்கொட்டகையை மாத்தி வீடாக்கி அதுல குடியிருந்தவங்க அந்த பகுதில இருந்தாங்க, அவங்களுக்காக எத்தலும் மத்தவங்களும் 36 அபார்ட்மென்ட் கட்ட அனுமதி கேட்டாங்க, 1970ல டவுன்ஷிப் முடியாதுன்னுடுச்சு, இங்க இருக்க காசில்லன்னா வேற ஊர் பாத்துக்கோங்கன்னு மேயர் சர்ச்லயே வச்சு சொன்னார். வழக்கு போச்சு. 1975ல மாநில சுப்ரீம் கோர்ட், ஜோனிங்கை வச்சு ஏழைகளை வெளிய நிறுத்தக்கூடாது, ஒவ்வொரு வளரும் ஊரும் தன் பங்கு வீட்டுக்கு இடம் குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு, ஊர்கள் இழுத்தடிக்கவும் 1983ல இன்னும் கடுமையா சொல்லுச்சு: இடம் குடுக்காத ஊர்ல பில்டரே கோர்ட்டுக்கு போய், ஒரு பங்கு அஃபோர்டபிள் வீடு தர்றேன்னு சொல்லி, அதிக வீடு கட்ட அனுமதி வாங்கலாம். ஊரோட மனசை எதிர்பாக்காத முறை இது.

இதுலயும் ஓட்டை போட்டாங்க. 1985 சட்டம் பணக்கார ஊர் தன் பங்குல பாதி வரைக்கும் காசு குடுத்து ஏழை நகரத்துக்கு தள்ளிவிட அனுமதிச்சுது, 2008ல தான் அதை எடுத்தாங்க. சட்டப்படி இது வருமானத்தை பத்தினது, நிறத்தை பத்தினது இல்ல, அதனால வீடு வந்ததும் யாருக்கு தகவல் போகுதுன்னு கண்காணிக்கலன்னா பழையபடி ஆயிடும், அங்க தான் டெஸ்டர் மறுபடியும் வேணும். தாமதமும் கொடுமை, எத்தல் லாரன்ஸ் 1994ல இறந்துட்டாங்க, அவங்க பேர்ல அந்த ஊர்ல கட்டின வீடுகளுக்கு ஆள் குடி வந்தது 2000 வாக்குல தான். 140 வீடு கட்டினாங்க. சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி குழு பல வருஷம் அதை ஆராய்ஞ்சு, சுத்துப்பட்டுல வீட்டு விலையோ குற்றமோ வரியோ அந்த வீடுகளால பாதிக்கப்படலைன்னு கண்டுபிடிச்சாங்க.

மேரிலாண்ட்ல மான்ட்கமரி கவுன்ட்டி இதையே 1974ல வழக்கு இல்லாம கவுன்ட்டி சட்டமாவே போட்டுச்சு, பெரிய குடியிருப்பு கட்டினா ஒரு பங்கு குறைஞ்ச வருமானக்காரங்களுக்குன்னு. அது தான் இன்னும் நல்ல வழி, ஆனா நியூ ஜெர்சில ஜோனிங் அதிகாரம் 500க்கு மேல இருக்கற சின்ன சின்ன ஊராட்சிகள் கையில சிதறி கிடக்கு.

அதனால என் வரிசை இது தான், முதல்ல நிலம், கூடவே டெஸ்டிங், வீடு வந்ததுக்கு அப்புறம் ஓக் பார்க் மாதிரி தெரு தெருவா போய் பேசற வேலை. வவுச்சர் எப்பவும் வேணும், ஆனா வீடு இல்லாத ஊர்ல அது வெறும் காகிதம்.

அந்த பழைய ஆபீஸ் கட்டடத்தை பத்தி நடந்த போன பிளானிங் போர்டு ஹியரிங்ல எங்க ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க வந்து பேசினாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம் தான். காலைல நாலரைக்கு கிளம்பி 50 நிமிஷம் ஓட்டிட்டு வந்து நம்ம புள்ளைங்களை ஏத்தறதா சொன்னாங்க, அவங்க பையன் படிக்கற ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் ரெண்டு வருஷமா பூட்டி கிடக்காம். நம்ம குரூப் ஆளுங்க பத்து பதினஞ்சு பேர் பின்னாடி வரிசைல உக்காந்திருந்தோம், அதுல நாலு பேர் கைல டிராஃபிக் ஜாஸ்தி ஆகும்னு எழுதின பேப்பர். ரெண்டு பேர் அதை படிச்சாங்க, மத்த ரெண்டு பேர் பேர் கூப்பிட்டப்போ எழுந்திருக்கல. அடுத்த ஹியரிங் வர்ற மாசம் ரெண்டாவது செவ்வாய், நான் ஏழு மணிக்கே போய் பேர் குடுக்க போறேன், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் என் கார்லயே வர்றேன்னு நேத்து போன் பண்ணார்.