தியேட்டரில் தொல்லை: நாமே சொல்வதா, ஊழியரைக் கூப்பிடுவதா?

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒருவர் வீடியோ கால் பேச ஆரம்பிக்கிறார். திரும்பி நாமே சொல்லலாம், வேறு சீட்டுக்குப் போகலாம், இல்லை, வெளியே போய் ஊழியரைக் கூட்டி வரலாம். ஊட்டி, குன்னூர் பக்கத்துத் தியேட்டர்களில் மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் நான் நேராக ஊழியரிடம்தான் போகிறேன்.

இடம் மாறுவது வார நாள் மதியக் காட்சிக்குச் சரி. சீசன் கூட்டத்திலும் பெரிய ஹீரோ படத்தின் முதல் வாரத்திலும் அந்தப் பேச்சே கிடையாது.

நாமே சொன்னால் காட்சி தவறாது. "அண்ணா, போனைக் கொஞ்சம் உள்ளே வைங்க" என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் வைத்துவிடுவார்கள். கேட்காத ஆளிடம்தான் சிக்கல். "நாங்களும் காசு குடுத்துதான் வந்திருக்கோம்" என்று அவர் குரலை உயர்த்திவிட்டால், மிச்சப் படம் முழுக்க அவர் முழங்கால் நம் சீட்டை இடித்துக்கொண்டே இருக்கும். நண்பர்கள் எதிரில் அவர் இறங்கி வர மாட்டார். வீட்டார் எதிரில் நமக்கும் மனசு வராது.

அதைவிடப் பெரிது, படம் முடிந்த பிறகு நடப்பது. மலையில் ஊர்கள் சின்னவை. கோயம்புத்தூரில் முறைத்துக்கொண்டவர்கள் பார்க்கிங்கைத் தாண்டியதும் யாரோ எவரோ. இங்கே அதே ஆளை மறுநாள் மார்க்கெட்டில் பார்ப்போம், கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்திலேயே நிற்போம். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் நம் மூட்டைக்கு எதிரில் அவர் நிற்கலாம். விசாரித்தால் சித்தப்பாவுக்கு வேண்டியவராக இருப்பார். ஒரு போன் வெளிச்சத்துக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதை நான் அறிவேன். ஊழியர் வந்து சொன்னால் அது தியேட்டர்காரர் சொன்னதாகிவிடுகிறது. யார் மேலும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

போன மாதம் ஊட்டியில் பார்த்தேன். ஊழியர் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசை ஓரத்தில் நின்று, டார்ச் வெளிச்சத்தை அந்த ஆளின் கையிலிருந்த போன் மேல் அடித்து அப்படியே நிறுத்திவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போன் ஸ்வெட்டருக்குள் போனது. அதற்கப்புறம்தான் டார்ச் அணைந்தது.

இதற்கும் செலவு உண்டு: இருட்டில் கால்களைத் தாண்டி வெளியே போக வேண்டும், ஐந்து நிமிடப் படம் போகும். படம் தொடங்கியதும் ஊழியர்கள் குளிருக்கு டீ குடிக்கக் கேன்டீன் பக்கம் ஒதுங்கிவிடுவதால் முதலில் அங்கே தேடுங்கள். "அந்தப் பக்கம் சத்தம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். "எஃப் வரிசை, நடைபாதையிலிருந்து மூணாவது சீட்" என்று சொன்னால்தான் வேலை நடக்கும். இடைவேளை வரை பொறுக்காதீர்கள். அப்போது எல்லாரும் பாப்கார்னோடு எழுந்துவிடுவதால் யாரைச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

முதல் நாள் விசிலையும் கைதட்டலையும் நான் தொல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தை அழுதாலும் யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். டிசம்பர் இரவில் கைக்குழந்தையோடு வெளியே பனியில் நிற்கச் சொல்வது நியாயமில்லை.

சில விஷயங்களில் யோசிக்கவே வேண்டியதில்லை. திரையை யாராவது போனில் பதிவு செய்தால் உடனே மேனேஜரிடம் சொல்லுங்கள். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். பெண்களிடம் வம்பு செய்தாலும் உடனே மேனேஜரிடம் போங்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-ல் வந்த சட்டம் சினிமா தியேட்டரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மேனேஜர் தட்டிக் கழித்தால் 112-க்கு அடிக்கலாம்.

குடித்துவிட்டு வருபவர்கள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடுவதால் இரண்டாம் ஆட்டத்துக்கு நான் அதிகம் போனதில்லை. அந்த நேரத்தில் ஒற்றை ஊழியரால் ஒரு கும்பலைச் சமாளிக்க முடியுமா என்பது எனக்கும் சந்தேகம்தான். குடும்பத்தோடு போனால் வாசலுக்குப் பக்கமாக ஓர சீட் கேட்டு வாங்குங்கள்.