பத்து சீசன் எலோ கணக்கு: பிரீமியர் லீக் அணிகளை மதிப்பெண்ணால் வரிசைப்படுத்திய அனுபவம்

2015 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சீசன் தொடங்கிய வாரத்தில், இருபது அணிகளின் பெயர்களையும் ஓர் எக்செல் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எலோ மதிப்பெண் (ஆட்ட முடிவுகளைக் கொண்டு பலத்தை அளக்கும் எண்) கொடுத்து இந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன். 2025 மே மாதத்தோடு பத்து சீசன்கள் நிறைவடைந்தன. சனிக்கிழமை இரவு ஆட்டங்களைப் பார்ப்பதும், வாரச் சுற்று முடிந்த பிறகு முடிவுகளை உள்ளிட்டு மதிப்பெண்களைத் திருத்துவதும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட விடுபடவில்லை. இந்த முறையைப் பற்றிச் சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளும் விளக்கங்கள் ஏராளமாக உள்ளன. நீண்ட காலம் கையில் வைத்திருந்தால் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ, சதுரங்க வீரர்களுக்காக வகுத்த முறை இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 இல் இதை ஏற்றது. ஆனந்தின் ஆட்டங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கு 2700, 2800 என்ற எண்கள் புதியவை அல்ல. கால்பந்திலும் அடிப்படை அதேதான். 1700 மதிப்பெண் உள்ள அணி தன் மைதானத்தில் 1500 மதிப்பெண் உள்ள அணியைச் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்த மைதானத்துக்காக நான் சேர்க்கும் 65 ஐயும் கூட்டினால் வித்தியாசம் 265. எலோ சூத்திரத்தில் இட்டால் வலிய அணியின் எதிர்பார்ப்பு, அதாவது இத்தகைய ஆட்டத்தில் அது சராசரியாகப் பெற வேண்டியது, 0.82 என்று வரும். வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0 என்பது கணக்கு. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ‘கே’ என்ற எண்ணால் பெருக்கி மதிப்பெண்ணில் கூட்ட வேண்டும். கே 20 என்றால் வலிய அணி வென்றால் 3.6 கூடும், டிரா செய்தால் 6.4 குறையும், தோற்றால் 16.4 குறையும். ஒன்று இழப்பதை மற்றொன்று அப்படியே பெறும். இவ்வளவுதான் முழு இயந்திரமும்.

முதல் சீசனே எனக்குப் பெரிய சோதனையாக அமைந்தது. தொடக்க மதிப்பெண்ணுக்கு முந்தைய சீசனின் புள்ளிகளை எடுத்துக்கொண்டேன்: சராசரி அணிக்கு 1500, அதற்கு மேலோ கீழோ உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் 5. முந்தைய ஆண்டு 87 புள்ளிகளோடு பட்டம் வென்ற செல்சி 1670 ஐ ஒட்டித் தொடங்கியது. 41 புள்ளிகளோடு 14 ஆம் இடத்தில் முடித்த லெய்செஸ்டர் சிட்டி 1440 ஐ ஒட்டித் தொடங்கியது. பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. லெய்செஸ்டர் 81 புள்ளிகளோடு, ஆர்சனலைவிட 10 புள்ளிகள் முன்னே நின்று பட்டம் வென்றது. செல்சி 10 ஆம் இடத்துக்குச் சரிந்தது. 2016 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்திலேயே லெய்செஸ்டர் 3-1 என்று வென்ற பிறகும் என் தாளில் அது நடுவரிசையிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்தது. கோப்பையைத் தூக்கிய நாளில்கூட என் வரிசையில் அது முதலிடத்தில் இல்லை.

கணக்கு பிழையானது என்று முடிவு செய்து, அந்தக் கோடையில் கே எண்ணை 20 இலிருந்து 40 ஆக உயர்த்தினேன். அடுத்த சீசனில் லெய்செஸ்டர் 12 ஆம் இடத்தில் முடித்தது. பட்டம் வென்று தந்த பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி 2017 பிப்ரவரியிலேயே நீக்கப்பட்டார். நான் கைவிட்ட மெதுவான கணக்கைப் பழைய தாளில் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தபோது, லெய்செஸ்டரை அது ஒருபோதும் முழுமையாக நம்பாததே அடுத்த ஆண்டுக்குச் சரியாக இருந்தது தெரிந்தது. ஒரே நிதானம் ஓர் ஆண்டு குறையாகவும் மறு ஆண்டு பலமாகவும் நின்றதைப் பார்த்த பிறகுதான், இந்த முறையில் உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது என்ன என்று புரியத் தொடங்கியது.

கே என்பது மறதியின் வேகம். கிட்டத்தட்ட சம பலமுள்ள அணிகள் மோதும்போது, கே 20 ஆக இருந்தால், ஓர் அணியின் மதிப்பெண்ணில் உள்ள பிழை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு குறைகிறது. அதாவது, ஓர் அணியின் பலம் திடீரென மாறிவிட்டால், அந்த மாற்றத்தில் பாதியை இந்தக் கணக்கு உணர்ந்துகொள்வதற்குச் சுமார் 24 ஆட்டங்கள் ஆகும். 38 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. கே 40 என்றால் 12 ஆட்டங்களில் பாதித் தூரம் வந்துவிடும். ஆனால் ஓர் அணி தற்செயலாக இரண்டு ஆட்டங்களில் தோற்றாலும் வரிசை கலைந்துவிடும். இந்தச் சிறு கணக்கை முதல் ஆண்டிலேயே போட்டுப் பார்த்திருந்தால் என் மூன்று ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்து பார்க்க வேண்டும். பல சீசன்களின் முடிவுகளைக் கே 10 முதல் 50 வரை வெவ்வேறு எண்களோடு ஓட்டி, எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியின் வர்க்கச் சராசரியை ஒப்பிட்டேன். 15 க்கும் 30 க்கும் இடையே எதை வைத்தாலும் பெரிய வேறுபாடு வரவில்லை. இப்போது 20 க்கே திரும்பி வந்திருக்கிறேன்.

கோல் வித்தியாசத்தைச் சேர்ப்பதா என்ற கேள்வியில் நான் மாற்றிக்கொண்ட கருத்து இன்னொன்று. தேசிய அணிகளுக்கான உலகக் கால்பந்து எலோ வரிசையில் இரண்டு கோல் வித்தியாசத்துக்கு ஒன்றரை மடங்கும், மூன்றுக்கு ஒன்றே முக்கால் மடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு கோலுக்கும் எட்டில் ஒரு பங்கு கூடுதலும் உண்டு. நானும் அதையே சில ஆண்டுகள் பின்பற்றினேன். 2020 அக்டோபர் 4 ஆம் தேதி ஆஸ்டன் வில்லா, நடப்புச் சாம்பியனான லிவர்பூலை 7-2 என்று வீழ்த்தியது. ஐந்து கோல் வித்தியாசம் என்பதால் லிவர்பூலின் இழப்பு சரியாக இரட்டிப்பானது. அந்த ஆட்டத்தை நான் முழுவதும் பார்த்தேன். காயத்தால் அலிசன் இல்லாததால் மாற்றுக் கோல்கீப்பர் அட்ரியன் நின்றிருந்தார். அவர் கால் தவறிக் கொடுத்த பந்தில்தான் முதல் கோல் விழுந்தது. லிவர்பூல் வீரர்கள்மீது பட்டுத் திசைமாறி உள்ளே போன பந்துகளும் உண்டு. இவற்றில் எதுவும் என் தாளுக்குத் தெரியாது. 7, 2 என்ற இரு எண்கள் மட்டுமே அதற்குத் தெரியும். சீசன் முடிவில் லிவர்பூல் மூன்றாம் இடம் பிடித்தது, வில்லா 11 ஆம் இடத்தில் நின்றது. இப்போது மூன்று கோலுக்கு மேல் எவ்வளவு போனாலும் ஒரே மடங்கைத்தான் வைக்கிறேன். கோல் வித்தியாசத்தில் பயனுள்ள தகவல் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் அந்தத் தகவலின் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று கோல்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

அதே சீசன்தான் சொந்த மைதானக் கூடுதலைப் பற்றியும் எனக்குப் பாடம் புகட்டியது. தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட லீக் 2020 ஜூன் 17 ஆம் தேதி ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியது; 2020-21 சீசனும் பெரும்பாலும் வெறுமையான அரங்குகளிலேயே நடந்தது. அந்த சீசனின் 380 ஆட்டங்களில் வெளி அணிகள் 153 வெற்றிகளும் உள்ளூர் அணிகள் 144 வெற்றிகளும் பெற்றன. அதுவரை சொந்த மண்ணில் 68 லீக் ஆட்டங்கள் தோல்வியே காணாத லிவர்பூல், 2021 ஜனவரி 21 அன்று ஆன்ஃபீல்டில் பர்ன்லியிடம் 0-1 என்று தோற்று, அங்கிருந்து அதே மைதானத்தில் வரிசையாக ஆறு ஆட்டங்களை இழந்தது. அதன் முக்கியத் தற்காப்பு வீரர் வான் டைக் அக்டோபரிலேயே காயமடைந்து விலகியிருந்ததும் ஒரு காரணம்தான். என் கணக்கோ அப்போதும் ஒவ்வோர் உள்ளூர் அணிக்கும் 65 ஐச் சேர்த்துக்கொண்டே இருந்தது. எல்லா அணிகளும் உள்ளூரிலும் வெளியிலும் 19 ஆட்டங்கள் ஆடுவதால் சீசன் இறுதியில் அந்தப் பிழை பெரும்பாலும் தானே சமன்பட்டுவிடும், வரிசை கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு வார எதிர்பார்ப்பும் உள்ளூர் அணியின் பக்கம் சாய்ந்தே இருந்தது. அதன் பிறகு அந்த 65 ஐ நிலையான எண்ணாக வைப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உள்ளூர் அணிகள் மொத்தமாக எவ்வளவு மதிப்பெண் பெற்றன அல்லது இழந்தன என்று பார்த்து, அதன் ஒரு சிறு பங்கை இந்தக் கூடுதல் எண்ணிலும் சேர்க்கிறேன். ரசிகர்கள் திரும்பியதும் அது தானாகவே உயர்ந்ததைப் பார்த்தபோது, ஓர் அரங்கத்தின் கூச்சலைத் தாளில் கண்டதுபோல் இருந்தது.

டிராவைப் பொறுத்தவரை எலோ ஊமைதான். 0.5 எதிர்பார்ப்பு என்பது உறுதியான டிராவையும் குறிக்கலாம், இரு பக்கமும் சரிபாதி வெற்றி வாய்ப்பையும் குறிக்கலாம். பிரீமியர் லீக்கில் ஏறக்குறைய நான்கில் ஓர் ஆட்டம் டிராவில் முடியும்போது இது சிறு குறை அல்ல. அதற்குக் கோல் எண்ணிக்கையைப் பாய்சான் பரவலாக (0, 1, 2 என ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நிகழ்தகவு தரும் கணக்காக) கொள்ளும் முறைகளுக்குத்தான் போக வேண்டும். 1997 இல் மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் வெளியிட்ட முறை, 0-0, 1-1 போன்ற குறைந்த கோல் முடிவுகளுக்குத் தனித் திருத்தம் செய்து, பழைய ஆட்டங்களின் எடையைக் காலப்போக்கில் குறைத்தது. இரண்டு சீசன்கள் அதையும் பக்கத்திலேயே ஓட்டினேன். முடிவு வாரியான நிகழ்தகவு வேண்டுமானால் அதுவே மேல். வரிசை மட்டும் போதும் என்றால் எலோவின் எளிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: கீழ்ப் பிரிவிலிருந்து ஏறிவரும் மூன்று அணிகளுக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது? கீழிறங்கும் மூன்று அணிகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, ஏறிவரும் மூன்றுக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுப்பதே என் வழக்கம். லீக்கின் மொத்தக் கூட்டுத்தொகை அப்போது மாறாது. பல ஆண்டுகள் இது போதுமானதாகவே இருந்தது. 2023-24 இல் ஏறிவந்த பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், லூட்டன் டவுன் ஆகிய மூன்றும் அதே ஆண்டிலேயே இறங்கின. ஷெஃபீல்ட் 104 கோல்களை வாங்கி 16 புள்ளிகளோடு முடித்தது. அடுத்த ஆண்டு லெய்செஸ்டர், இப்ஸ்விச் டவுன், சவுதாம்ப்டன் மூன்றுக்கும் அதே கதி. சவுதாம்ப்டன் பெற்றது 12 புள்ளிகள். இரண்டு சீசன்களிலும் இந்த அணிகள் தமக்குப் பொருந்தாத உயர்ந்த மதிப்பெண்ணோடு தொடங்கி, ஒவ்வொரு தோல்வியிலும் அதைப் பிறருக்கு வாரிக் கொடுத்தன. முதல் பத்து வாரங்களில் யார் அவர்களைச் சந்தித்தார்களோ, அவர்களே அதிகம் பெற்றார்கள். நடுவரிசை அணிகள் சில என் தாளில் உண்மையைவிடப் பருத்துத் தெரிந்ததன் காரணம் இதுவே. 2024-25 தொடக்கத்தில் வழக்கமான பகிர்வைவிடக் குறைத்தே கொடுத்தேன், அதுவும் போதவில்லை.

புள்ளிப் பட்டியலும் மதிப்பெண்ணும் விலகும் இடத்தில் எலோ மிகவும் உதவிய ஆண்டும் 2023-24 தான். நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. பிறகு அது 6 ஆகக் குறைக்கப்பட்டு, ஏப்ரலில் மேலும் 2 கழிக்கப்பட்டன. பட்டியலில் எவர்ட்டன் அடிவரிசையில் தத்தளித்தபோதும் என் தாளில் நடுவரிசைக்குச் சற்றுக் கீழே நிலையாக நின்றது. கழிக்கப்பட்டவை புள்ளிகள்தானே தவிர பலம் அல்ல. 40 புள்ளிகளோடு 15 ஆம் இடத்தில் அது லீக்கில் தங்கியது.

தேசிய அணிகளின் தரவரிசையைப் பற்றியும் ஒரு சொல். ஃபிஃபா 2018 ஆகஸ்டில்தான் எலோ வகைக் கணக்குக்கு மாறியது. அதற்கு முன்பிருந்த சராசரி முறையில், எடை குறைந்த நட்பு ஆட்டம் ஆடினாலே சராசரி இறங்கக்கூடும். போலந்து நட்பு ஆட்டங்களைப் பெரும்பாலும் தவிர்த்து 2018 உலகக் கோப்பைப் பிரிவுகளுக்கான குலுக்கலில், தரவரிசையில் முன்னணி அணிகளுக்கான முதல் தட்டில் இடம்பிடித்தது. போட்டியில் தன் பிரிவின் கடைசி இடத்தில் முடித்தது. 2014 போட்டியை நடத்தியதால் தகுதிச் சுற்று ஆடாத பிரேசில், 2013 ஜூனில் 22 ஆம் இடம் வரை இறங்கியதும் அதே முறையில்தான். புதிய முறை இந்த இரண்டையும் சரிசெய்தது. ஆனால் பெரிய போட்டிகளின் நாக் அவுட் சுற்றில் தோற்கும் அணிக்கு மதிப்பெண் குறையாது என்ற விதி எனக்கு உடன்பாடில்லை. வென்றவர் பெறுகிறார், தோற்றவர் இழப்பதில்லை என்றால் ஒவ்வொரு பெரிய போட்டியும் மொத்தத் தொகையை உயர்த்திவிடும். அதில் ஆடும் வாய்ப்புக் கிடைக்காத அணிகள் ஒப்பீட்டில் தாழும். சொந்த மைதானமும் அதில் கணக்கில் வருவதில்லை.

ஒரே ஒரு நடைமுறைக் குறிப்போடு முடிக்கிறேன். எலோ வரிசைக்கிரமத்தைச் சார்ந்த கணக்கு. தள்ளிவைக்கப்பட்ட ஆட்டத்தை முதலில் குறித்த தேதியில் உள்ளிட்டால் இடைப்பட்ட எல்லா ஆட்டங்களின் கணக்கும் சற்றே மாறும். ஒருமுறை நான் இறக்கிய முடிவுக் கோப்பில் ஓர் ஆட்டத்தின் உள்ளூர் அணியும் வெளி அணியும் இடம் மாறியிருந்தன. நான் கவனித்தது மூன்று வாரங்கள் கழித்து. எக்செல்லில் ஒவ்வொரு வரியையும் கையால் திருத்த வேண்டியிருந்தது. அந்த வாரமே எல்லாவற்றையும் ஒரு சிறிய பைதான் நிரலுக்கு மாற்றினேன். இப்போது தேதி, உள்ளூர் அணி, வெளி அணி, கோல்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு கோப்பில் தொடாமல் வைத்திருக்கிறேன். மதிப்பெண் எதையும் சேமிப்பதில்லை. ஒரு பிழை தெரிந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தி, 2015 ஆகஸ்டிலிருந்து 3,800 ஆட்டங்களையும் முதலிலிருந்து ஓட்டிவிடுகிறேன். ஒரு நொடிகூட ஆவதில்லை.