போன் நம்பர் லொகேஷன் ஆப்கள்: காசு கட்டிப் பார்த்ததில்

தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது போனைத் தொலைத்தவர்கள்தான். "அண்ணே, நம்பர் இருக்கு, எங்க இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள், யூடியூபில் பார்த்திருப்பார்கள். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று இந்த வகை ஆப்களையும் இணையதளங்களையும் கடைக் காசிலேயே சோதித்தேன். எதன் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒன்றை எடுத்தால் அதே மாதிரி பத்து வருகிறது, லோகோவின் நிறம்தான் வேறு.

இலவச ரகத்திலிருந்து தொடங்குகிறேன். இன்ஸ்டால் செய்ததும் கான்டாக்ட், கால் லாக், எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. இன்னொருவர் போனைத் தேட என் எஸ்எம்எஸ் எதற்கு? பழைய போன் ஒன்றில், உள்ளே ஒன்றும் வைக்காமல் போட்டதால் கொடுத்தேன். உங்கள் போனில் கொடுக்காதீர்கள். சோதனைக்கு என் மச்சினன் நம்பர், அவனைக் கேட்டுக்கொண்டுதான். போடிக்காரன், ஏலத்தோட்ட வேலைக்குப் போனபோது கட்டப்பனையில் வாங்கிய கேரள சிம் வைத்திருக்கிறான். அவன் என் கவுண்டருக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கிறான். ஆப்பில் வட்டம் சுற்றுகிறது, 'சாட்டிலைட்டுடன் இணைகிறது' என்கிறது, நடுவில் ஒரு ரம்மி விளம்பரம். முடிவில் கேரள மேப்பின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மச்சினன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, நான் அங்கயா நிக்கிறேன்?" என்றான்.

அந்த ஆப்பிடம் இருப்பது ஒரு பட்டியல் மட்டும். நம்பரின் முதல் சில இலக்கங்கள் எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (கிட்டத்தட்ட ஒரு மாநிலம் மாதிரி), எந்தக் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டவை என்பது பொதுவில் இருக்கும் விவரம். அதைப் பார்த்து அந்த மாநிலத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது, 2015 ஜூலையிலிருந்து மாநிலம் மாறினாலும் பழைய நம்பரையே கொண்டுபோகலாம். ஆகவே கம்பெனி பெயரும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த ரகத்துக்கு அரை நட்சத்திரம்கூட அதிகம்.

அடுத்தது காசு கட்டும் தளம். வெள்ளைப் பின்னணி, வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கும் படம், 'எந்த நெட்வொர்க், எந்த நாடு, நம்பர் போதும்'. சோதனைக் கட்டணம் நூறு ரூபாய்க்குள். பணம் போனதும்தான் விஷயம் வெளியே வந்தது: தேடும் நம்பருக்கு அவர்கள் ஒரு லிங்க் அனுப்புவார்கள். அந்த ஆள் அதைத் தொட்டு, 'லொகேஷன் அனுமதி' என்று கேட்கும்போது 'சரி' கொடுத்தால் இருப்பிடம் நமக்கு வரும். என் இரண்டாவது நம்பருக்கு அனுப்பச் சொன்னேன், எஸ்எம்எஸ் வந்து சேரவே இல்லை. அப்புறம் லிங்க்கை நானே காப்பி செய்து வாட்ஸ்ஆப்பில் போட்டு, நானே திறந்து, நானே அனுமதி கொடுத்தேன். கடை வாசலையே துல்லியமாகக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், ஜிபிஎஸ் ஆயிற்றே! இதற்கு வாட்ஸ்ஆப்பில் லைவ் லொகேஷன் இலவசமாகவே இருக்கிறது. திருடிய ஆள் லிங்க்கைத் திறந்து அனுமதியும் கொடுப்பான் என்று நம்புகிறவர்கள் தாராளமாகப் பணம் கட்டலாம்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அந்த நூறு ரூபாய் தூண்டில்தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், சோதனை முடிந்ததும் மாதாமாதம் ஆயிரக்கணக்கான ரூபாயை டாலர் கணக்கில் பிடிப்போம் என்று போட்டிருந்தது. ரத்து செய்யும் பட்டனைத் தேடி அலுத்து, கடைசியில் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிட்டேன். இந்தத் தளத்துக்குப் பூஜ்ஜியம்.

அப்படியானால் நம்பரை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், நெட்வொர்க் கம்பெனிக்கு. போன் எந்த டவர் பக்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே கால் வந்து சேரும். டவுனில் அது சில நூறு மீட்டர் வட்டம். மேகமலைப் பக்கம் போனால் கிலோமீட்டர் கணக்கில் விரியும். அந்த விவரத்தைப் போலீஸ் முறைப்படி கேட்டு வாங்கலாம், நானோ நீங்களோ வாங்க முடியாது. அமெரிக்காவில் இது கடைச்சரக்காகவே ஓடியது. 2019 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர், தலைமறைவானவர்களைத் தேடிப் பிடித்துக் கூலி வாங்கும் ஒருவரிடம் ஒரு நம்பரையும் 300 டாலரையும் கொடுத்து, போன் இருந்த பகுதியை வாங்கிக் காட்டினார். கம்பெனிகள் விற்ற தகவல் கைமாறிக் கைமாறி அங்கே வந்திருந்தது. இதற்காக 2024 ஏப்ரலில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தார் நான்கு கம்பெனிகளுக்குக் கிட்டத்தட்ட 20 கோடி டாலர் அபராதம் போட்டார்கள்.

இனி உருப்படியானவை. ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஃபைண்ட் ஹப், முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததுதான். இதற்கு நம்பரே வேண்டாம், ஜிமெயிலும் பாஸ்வேர்டும் போதும். சிம்மைக் கழற்றிவிட்டாலும் வைஃபையில் நெட் கிடைத்தால் காட்டிக்கொடுக்கும். சைலன்ட்டில் இருந்தாலும் அலற வைக்கலாம். வீட்டுக்குள் தொலைத்த பாதிப் பேர் கேஸ் இங்கேயே முடிந்துவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் ஜிமெயில் என்னவென்று தெரியாது. போன் வாங்கிய கடைப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் திறந்து கொடுத்திருப்பான், பாஸ்வேர்டு அவனுக்கும் மறந்திருக்கும். நான்கு நட்சத்திரம். ஒன்று குறைவது கூகுளுக்காக இல்லை, அந்தப் பையனுக்காக.

திருட்டுப் போனுக்கு அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளம், அதில் தொலைந்த போனை முடக்கும் சி.இ.ஐ.ஆர். பகுதி. 2023 மே மாதம் நாடு முழுக்கத் திறந்தார்கள். இதிலும் பிடிமானம் போன் நம்பர் இல்லை, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ., அதாவது போன் கருவியின் அடையாள எண்தான். இரண்டு சிம் போனில் அது இரண்டு இருக்கும், பாக்ஸ் ஸ்டிக்கரில் பார்த்து இரண்டையும் போட வேண்டும். போலீஸ் புகார் நகல், அடையாள அட்டை, போன் வாங்கிய பில் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி தொலைந்த நம்பருக்கே வரும் என்பதால் முதலில் டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும். புது சிம்மில் எஸ்எம்எஸ் வேலை செய்ய ஒரு நாள் ஆகும், அன்றைக்கே உட்கார்ந்து ஓடிபி வரவில்லை என்று கத்தக் கூடாது.

சின்னமனூர் பஸ்ஸில் போனைப் பறிகொடுத்த ஒரு அக்காவுக்கு நான்தான் பதிந்து கொடுத்தேன். மேப்பில் புள்ளி எதுவும் காட்டவில்லை, அதில் அவருக்கு என் மேல் கோபம். இந்த முறையில் போன் முடக்கப்படும், யாராவது வேறு சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும், நமக்கு வராது. பல மாதம் கழித்து எஸ்.பி. அலுவலகத்தில் கூப்பிட்டு, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாளே, "தம்பி, போன் வந்துச்சு, டவர் வரல" என்று கடைக்கு வந்துவிட்டார். கிடைத்த பிறகு அதே தளத்தில் கோரிக்கை எண்ணைப் போட்டு முடக்கத்தை நீக்க வேண்டும், அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்றரை நட்சத்திரம். பதியும்போது வரும் கோரிக்கை எண்ணைப் பாக்ஸிலேயே எழுதி வையுங்கள்.