சிடி44-ஆ, சிடி133-ஆ: வாய்ப்புற்றுக்கு எதை எடுப்பது?

காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை, மாவா என்கிற புகையிலைப் பாக்குக் கலவையைக் கன்னத்தில் அடக்கியபடி வேலை பார்ப்பவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் ராயபுரம் பக்கம் படிக்கிற பிஜி மாணவர்கள் வாய்ப்புற்றைத் தீசிஸுக்கு எடுப்பது எனக்குச் சந்தோஷம்தான். புற்றுநோய் ஸ்டெம் செல்லை, அதாவது புதுக் கட்டியையே வளர்க்கவல்ல செல்லை, அதன் மேற்பரப்பில் உள்ள சிடி44, சிடி133 போன்ற புரதங்களை வைத்து அடையாளம் காண்கிறார்கள். அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், சிடி44-க்கானதை வாங்குங்கள் என்பேன்.

சிடி133-க்குப் பேர் பெரிது. 2004-ல் டொரான்டோவில் பீட்டர் டிர்க்ஸ் குழு மூளைக் கட்டியிலிருந்து அதைச் சுமக்கும் செல்களைப் பிரித்து எலியின் மூளையில் செலுத்தியது. 100 செல்லே புதுக் கட்டியை உண்டாக்கியது; சிடி133 இல்லாதவற்றில் 1,00,000 செலுத்தியும் கட்டி வரவில்லை. ஆனால் 2008-ல், பரவிய பெருங்குடல் புற்றில் சிடி133 இல்லாத செல்களும் கட்டி வளர்த்தன. இன்னொரு சிக்கலும் உண்டு. சிடி133-க்கான ஏசி133 என்ற ஆன்டிபாடி பிடிப்பது அந்தப் புரதத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு பகுதியை. செல் முதிரும்போது அந்தப் பகுதி மறைந்துபோகிறது, புரதம் அங்கேயேதான் இருக்கிறது. துறைமுகத்துக் கன்டெய்னரில் லேபிள் மட்டும் கிழிந்துபோனால் உள்ளே சரக்கே இல்லை என்று எழுதிவிட முடியுமா?

சிடி44 நம் நோய்க்கு நெருக்கமானது. தலை, கழுத்துப் புற்றில் 2007-ல் வந்த ஆய்வில், கட்டியில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த சிடி44 செல்கள்தான் எலியில் புதுக் கட்டியை வளர்த்தன. இது வெறும் அடையாளமும் இல்லை. செல்லைச் சுற்றியுள்ள ஹயலூரோனிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, பிழைத்திரு, நகர் என்று உள்ளே சேதி அனுப்புகிற புரதம்.

சரி, குறை? சிடி44-க்கு நிறமேற்றிய ஸ்லைடைப் பாருங்கள். கட்டியின் ஓரத்துச் செல்களைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். அப்படியே பக்கத்தில் நோயில்லாத சவ்வுக்கு நகர்த்தினால், அடித்தளச் செல்களிலும் அதே வளையம்! இது ஸ்லைடோடு போகிற விஷயம் இல்லை. சிடி44-இன் வி6 வகையைக் குறிவைத்து விஷமருந்து ஏற்றிய பிவாடுசுமாப் மெர்டான்சின், தோலில் உள்ள அதே வி6-ஐயும் தாக்கியது. சோதனையில் ஒரு நோயாளி தோல் உரிந்து இறந்தார். அந்த மருந்தை அதோடு நிறுத்தினார்கள். மருந்துக் குறியாக சிடி44-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உயிர்தான் நினைவுக்கு வருகிறது.

கூடக் கொஞ்சம் காசு கிடைத்தால் ஏஎல்டிஎச்1-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது செல்லுக்குள் இருக்கும் நொதி, மேற்பரப்பில் இருப்பதல்ல. ஆனாலும் 2010-ல் இரண்டும் கூடிய 1,000 செல்களே எலியில் கட்டி வளர்த்தன, அவற்றில் பெரும்பாலானவை ரத்தக் குழாய்க்கு அருகிலேயே இருந்தன. அதனால் ஸ்லைடில் எண்ணும்போது குழாயிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் குறித்துவையுங்கள்.

பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) மட்டும் வைத்து 'ஸ்டெம் செல்' என்று எழுதாதீர்கள். கட்டி வளர்க்குமா என்பதை எலிதான் சொல்லும். 'சிடி44 அதிகமுள்ள செல்கள்' என்றால் போதும். கைடு சிடி133-தான் வேண்டும் என்றால் அதையே செய்யுங்கள், ஆனால் எந்தக் குளோன் (ஆன்டிபாடியின் எந்த வகை) என்பதை முறைகள் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள்.