தொப்புள்கொடி ரத்தம்: வங்கிக்கா, குழந்தைக்கா?

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிற குடும்பங்களுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததுமே ரத்தத்தைச் சேமித்துவைக்கும் தனியார் வங்கிகளிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். 'தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், 80 நோய்களுக்கு உதவும், தவணையிலும் கட்டலாம்' என்பார்கள். வளைகாப்பு, மருத்துவமனை முன்பணம் என்று எல்லாச் செலவும் சேர்ந்து நிற்கிற நேரம் அது. வேண்டாம் என்றால் பிள்ளைக்கு நாமே ஏதோ குறை வைத்துவிட்டதாக மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தோடு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ரத்தத்துக்கு மதிப்பு உண்டு, அதில் சந்தேகமில்லை. 1988இல் பாரிஸில், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்குத் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான். அதில் இருக்கும் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புது ரத்தத்தை உண்டாக்கும். ஆனால் அவனைக் காப்பாற்றியது தங்கையின் ரத்தம், அவனுடையது இல்லை. தனியார் சேமிப்பின் பலவீனமே அங்கேதான் இருக்கிறது.

அந்த ரத்தத்தை என்ன செய்யலாம் என்பதற்கு நான்கு வழிகள் உண்டு. முதல் வழி, தன் குழந்தைக்கென்றே தனியாகச் சேமிப்பது. தலசீமியா (உடம்பில் ரத்தம் சரியாக உண்டாகாத பரம்பரை நோய்) மாதிரிப் பிறவியிலேயே வருகிற நோயென்றால், அதே பழுதான மரபணு அந்தச் சேமித்த செல்களிலும் இருக்கும். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தாலும், அதற்கான தொடக்கம் பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் வேறொருவரின் செல்லைத்தான் தேடுவார்கள். ஆக, அந்த 80 நோய்ப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தையின் சொந்த ரத்தம் பயன்படாது. விற்க வருபவர்கள் இதைத் தானாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். ஆட்டிசத்துக்கும் உதவும் என்று சிலர் சொல்வார்கள். டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், முக்கிய அளவுகோலில் முன்னேற்றம் தெரியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: எதிர்காலத்தில் தனக்கே பயன்படுத்திக்கொள்ளச் சேமிப்பதற்கு இப்போதைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ரத்தத்தோடு தொப்புள்கொடித் திசு, பல் கூழ் எல்லாம் சேர்த்துச் சேமிக்கலாம் என்று சொன்னால், அவற்றுக்கு அனுமதியே இல்லை என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. இன்னொன்று, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல பத்தாண்டு வைத்திருப்போம் என்பது ஒரு வாக்குறுதி மட்டும்தான். 2023இல் சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகளில் குளிர் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கண்டுபிடித்தது. 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு அதில் கெட்டுப்போனது.

இரண்டாவது, சமூக வங்கி. சேர்ந்த எல்லோரின் ரத்தமும் ஒரே பொதுக் கணக்கில் இருக்கும், யாருக்குத் தேவையோ அவர்கள் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். தனிச் சேமிப்பைவிட இதில் நியாயம் அதிகம், அடுத்தவர் செல்தான் தேவைப்படும் என்பதையாவது இது ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு பையில் கிடைக்கும் செல்கள் சின்னக் குழந்தைக்குப் போதலாம், எடை கூடிய பெரியவருக்குப் பெரும்பாலும் போதாது. இப்போது அம்மாவோ அப்பாவோ பாதிப் பொருத்தம் இருந்தாலே அவர்களின் ஸ்டெம் செல்லை ஏற்றும் மாற்றுச் சிகிச்சையைச் செய்கிறார்கள். முன்பின் தெரியாத கொடையாளரைத் தேடித் தர, 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி மாதிரியான பதிவேடுகளும் இருக்கின்றன. என்னை உறுத்துவது வேறு: பணம் கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான் இந்தப் பொதுக் கணக்கு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கு அதில் பங்கில்லை.

பொது வங்கிக்குத் தானம் கொடுப்பது மூன்றாவது. கொள்கையில் இதுதான் மேலானது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2017இல் இதையே பரிந்துரைத்தது. ஆனால் நம் நாட்டில் அப்படிப்பட்ட வங்கிகள் மிகக் குறைவு, நினைத்த இடத்தில் கொடுத்துவிட முடியாது. கொடுக்கும் மனசு இருக்கிற அப்பாக்களும் சித்தப்பாக்களும் கொடையாளர் பதிவேட்டில் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

நான்காவது வழியைப் பற்றி யாரும் போன் செய்வதில்லை. அந்த ரத்தத்தைக் குழந்தைக்கே விட்டுவிடுவது.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பது ஏறத்தாழ கால் லிட்டர் ரத்தம். பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுவதற்கான கிளிப்பைப் போடாமல் பொறுத்தால் நஞ்சுக்கொடியிலிருந்து முதல் நிமிடத்திலேயே 80 மில்லி அளவுக்குக் குழந்தைக்குள் வந்துவிடும். குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தத்தோடு வருகிற இரும்புச்சத்து அடுத்த பல மாதங்களுக்குக் கைகொடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. நம் தெருக் குழந்தைகளுக்கு நாளைக்கே வரக்கூடிய குறை இதுதான். வங்கிக்கோ பை நிறைய ரத்தம் வேண்டும், அதற்குச் சீக்கிரம் கிளிப் போட்டால்தான் வசதி. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது, குழந்தையின் பங்கைக் குறைத்துத்தான் பையை நிரப்ப முடியும். பொறுத்துக் கிளிப் போட்டால் சில குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை கொஞ்சம் கூடலாம், விளக்கு வெளிச்சத்தில் வைத்துச் சரிசெய்வார்கள். குழந்தை மூச்சுவிடத் திணறினால் மருத்துவர் உடனே கொடியை வெட்டுவார், அதில் நாம் தலையிடக்கூடாது.

என் முடிவு இதுதான்: எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கிற வீட்டுக்கு இந்த நான்காவது வழியே போதும். மிச்சமாகும் தொகையைப் பெண் பிறந்தால் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கில் போடுங்கள், பையன் என்றால் ஒரு ஆர்.டி. தொடங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே தலசீமியா மாதிரி, மாற்றுச் சிகிச்சையால் குணமாகக்கூடிய ரத்த நோய் இருந்தால், அடுத்த குழந்தையின் ரத்தத்தைச் சேமிப்பதைக் கட்டாயம் ரத்தவியல் மருத்துவரிடம் பேசுங்கள். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் இருவரும் தலசீமியா மரபணு சுமப்பவர்கள் என்றால், பொருந்தவும் வேண்டும், அந்த நோய் இல்லாமலும் பிறக்க வேண்டும், அதற்கு 16இல் 3. அந்த வீட்டுக்கு இது பெரிய நம்பிக்கை, ஐ.சி.எம்.ஆரும் இதை ஏற்கிறது. எடுப்பது, அனுப்புவது எல்லாம் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? சரி, பிரசவ அறைக்குப் போவதற்கு முன்பே மருத்துவரிடம், 'பை நிறையாவிட்டாலும் பரவாயில்லை, கிளிப் போட அவசரப்படாதீர்கள்' என்று சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை செல் கிடைத்தது என்ற அறிக்கையை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் மூடிவிட்டால் பை எங்கே போகும் என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் காட்டச் சொல்லுங்கள்.