சூரிய ஓவியப் பெட்டி: துணி அருமை, பற்றரிதான் இல்லை

மட்டக்களப்பில் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் நாள்வாடகைக்குக் கிடைக்கும் பெட்டி இது. நாளைக்கு நம்மூருக்குக் கரண்ட் எங்கிருந்து வரவேண்டும் என்பதைச் சனங்களே வரைந்து, வயர் கொழுவி, எரியவிட்டுப் பார்க்கலாம். லாண்ட் ஆர்ட் ஜெனரேட்டர் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2010 முதல் மின்சாரம் தரும் கலைப்படைப்புகளுக்குச் சர்வதேசப் போட்டி நடத்திவருகிறது. அந்த யோசனையைப் பாய் விரித்து இருந்து செய்யும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள்.

உள்ளே வாவி வரைந்த 12 அடித் துணி, 6 வோல்ற் 1 வற் சோலார் பெனல்கள் ஆறு, எல்ஈடிகள், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையிகள், வயர் கொழுவும் முதலைவாய் கிளிப்புகள், விளையாட்டு மோட்டரில் செய்த காற்றாடி, அக்ரிலிக் வர்ணம். துணிதான் பெட்டியின் உயிர். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, கல்லடிப் பாலம், கண்டல் எல்லாம் அளவாக வரைந்து, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டது கெட்டித்தனம். கூட்டத்தில் அலுத்துப்போய்த் துண்டுப்பிரசுரத்தை மடித்து விசிறிக்கொண்டிருப்பவர்கூட, பெனலை வயலில் வைப்பதா வாவியில் மிதக்கவிடுவதா என்ற பேச்சு வந்தால் எழும்பிப் போகமாட்டார்.

மின்வேலையில்தான் கவனப்பிசகு. சிவப்பு எல்ஈடியையும் வெள்ளையையும் ஒரே தடையிக்குப் பின்னால் சமாந்தரமாகப் பூட்டச் சொல்கிறது வழிகாட்டித் தாள். சிவப்பு ஏறக்குறைய 2 வோல்ற்றிலேயே எரிந்து மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துவைக்கும்; 3 வோல்ற் வேண்டிய வெள்ளை எரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 150 தொடக்கம் 220 ஓம் தடையி போடுங்கள். பெனலின் மேல் வர்ணம் படவிடாதீர்கள். உள்ளே பன்னிரண்டு துண்டுகள் தொடராக இருப்பதால் ஒரு துண்டு மறைந்தாலே முழுப் பெனலும் படுத்துவிடும். ரியூப்லைட் வெளிச்ச மண்டபத்திலும் இதே கதிதான்; முற்றத்தில் விரியுங்கள். காற்றாடி மேசை மின்விசிறிக் காற்றில் 1 வோல்ற்றைக்கூட எட்டாது. அதை அலங்காரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

பெரிய குறை, பற்றரி இல்லாதது. “பகலில எரிஞ்சு என்னத்துக்கு மனே, நாங்க தோணி தள்ளுறது ராவைக்கெல்லுவா?” என்று ஒரு மீனவர் கேட்டால் இந்தப் பெட்டியிடம் பதில் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் தேவை குறைந்து, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. மின்கட்டணத்தில் உச்சநேரமோ மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. பகலில் மிஞ்சுவதை இரவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியைத் துணியில் வரையாமல் விட்டால் மிச்சமெல்லாம் வெறும் சித்திரம்.

திருத்தம் சுலபம். மூன்று ஏஏ ரீசார்ஜ் பற்றரிகளைத் தொடராக வைத்து, ஒரு பெனலை, மின்னோட்டத்தை ஒருபக்கம் மட்டும் விடும் 1என்5819 டயோட் வழியாக இணையுங்கள். டயோட் இல்லாவிட்டால் இருட்டியதும் பற்றரி பெனலுக்குள் கசியும். நாலு மணித்தியால நல்ல வெயிலுக்குப் பத்து வெள்ளை எல்ஈடிகள் இரண்டு மணித்தியாலமாவது எரியும். பற்றரியில் பூட்டும்போது ஒவ்வொரு எல்ஈடிக்கும் தடையி 33 ஓம் போதும். பற்றரியை முன்னதாகவே வெயிலில் ஏற்றிவைத்து, பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்வைத் தொடங்கி, இருட்டிய பின் எரியவிட்டு முடியுங்கள்.

துணிக்காகவே வாடகை கொடுக்கலாம். எடுக்குமுன் முதலைவாய் கிளிப்புகளை மட்டும் திறந்து பாருங்கள். கடற்காற்றில் பச்சை பிடித்திருந்தால் அரத்தாளால் தேய்த்தாலும் ஒருநாள்தான் தாங்கும். புதிது மாற்றித் தரச் சொல்லுங்கள்.